பொற்காசும் முதுசொமும்

பொன்னை விரும்பாதார் உலகில் மிகச் சிலர். பொன்மேற் பொறித்த எழுத்தை விரும்பிப் படிப்பாரும் மிகச் சிலரே. நம் வீடுகளிற் பொற்காசு என்றால் அதன் நிறையே பேசப்படுகின்றது. அஃது யார் வெளியிட்ட காசு, எந்நாளைய காசு, எவ்வழியாக நம் கைக்கு வந்தது என்று கேட்பாரில்லை. இவ்வினாக்களைக் கேளாமையால் நம் நாடு, சிறப்பாக மட்டக்களப்பு, இழந்ததும் இழந்து வருவதும் யாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மலர்க் குழுவினர் என்னிடம் இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் ஒருவன் காசைப்பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. அதனை ஒளியாது முதலிலேயே கூறிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட்காலை. வவுணதீவுப் பகுதியில் யான் கற்பித்துக்கொண்டிருந்த வகுப்பில், எட்டாந்தர மாணவன் ஒருவன் தன் கொம்பாஸ் பெட்டியைத் திறந்து, தாளிற் சுற்றிய சிறு பொருளொன்றை என் மேசைமீது வைத்தான். விரல்நகத்திலும் சற்றுப் பெரிதான மஞ்சள் வட்டம் அது. ஒரு பக்கம் நிற்கும் உருவம் போன்ற கோடுகள். மறுபக்கமும் ஏதோ உருவம். அதன் அருகே தேய்ந்த எழுத்துக்கள். "வட்டைக்குள்ள வரம்பு கட்டக்குள்ள கிடந்த சேர். இது என்ன காசு?" என்று கேட்டான். அன்று தவணைப் பரீட்சைத் தொடக்கநாள். வினாத்தாள்களைப் பிரிக்கும் அவசரத்தில் இருந்தேன். "பத்திரமாக வைத்திரு, பரீட்சை முடியட்டும், பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினேன்.

பரீட்சை முடிந்தது. மறு வாரம் யானே அவனை அழைத்துக் கேட்டேன். "அத உருக்கி அக்காக்குத் தோடு செய்தாச்சு சேர்" என்றான். அவன் முகத்திற் குற்றவுணர்ச்சி இல்லை, இருக்கவேண்டிய நியாயமுமில்லை. அக்காளின் கலியாணத்துக்கு ஒரு சோடித் தோடு கிடைத்த மகிழ்ச்சியே இருந்தது. குற்றம் என்னுடையது. கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுக்க அரை நிமிடம் போதும். அதனையும் யான் செய்திலேன். இன்று அக்காசு சோழருடையதா, சிங்கள மன்னருடையதா, பிற்காலத்துப் போலியா என்று எவராலும் கூறமுடியாது. பொன் எங்கும் போகவில்லை. அஃது ஒரு பெண்ணின் காதில் ஒளிர்கின்றது. போனது அதன்மேல் இருந்த எழுத்து மாத்திரமே. அவ்வெழுத்துத்தான் எனக்குரிய பாடம்.

இந்நாட்டுப் பொற்காசின் வரலாறு எளியதன்று. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர் எழுதிவைத்த நூலில் ஒரு செய்தி உண்டு. சோபாத்தர் என்னும் உரோம வணிகரும் பாரசீகர் ஒருவரும் இலங்கை மன்னன் அவையில் நின்றனராம். உங்கள் அரசருள் யார் பெரியவர் என மன்னன் வினவ, பாரசீகர் தம் அரசனைப் புகழ்ந்தார். சோபாத்தரோ, இரு அரசரையும் இங்கேயே காணலாம் என்று கூறி, இரு நாட்டுக் காசுகளையும் கொணரச் செய்தார். உரோமரது காசு பொன்; பாரசீகரது காசு வெள்ளி. இரண்டையும் புரட்டிப் பார்த்த மன்னன் உரோமர் பக்கமே தீர்ப்பளித்து, சோபாத்தரை யானைமீதேற்றி முரசொலியுடன் வலம்வரச் செய்தான் என்பது செய்தி. சோபாத்தர் தம் நாட்டின் பெருமையைத் தாம் கூறாது காசைக் கூறவிட்டார். காசு பேசும் என்பதை நம் நாட்டு மன்னன் ஒருவன் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தான்.

பின்னாளில் இலங்கை தானே பொற்காசு அடித்தது. கஹவணு என வழங்கிய அக்காசு நாலு கிராமுக்குச் சற்று மேற்பட்ட நிறையுடையது. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் கொண்டது; 'ஸ்ரீ லங்கா விபு' என நாகரி எழுத்துப் பொறித்தனவும் உள. முதலாம் பராந்தக சோழனது (907–955) காலத்துத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுக்களில் 'ஈழக்காசு' என்னும் பெயர் வருகின்றது. கடலுக்கு அப்பாலுள்ள கோயில்களின் கணக்கில் ஈழத்தின் பெயரால் ஒரு பொற்காசு எழுதப்பட்டதென்றால், அதன் மதிப்பு எத்தகையது என்பதை நாம் உய்த்துணரலாம். 993ஆம் ஆண்டளவில் இந்நாட்டின் வடபகுதியைக் கைப்பற்றிய முதலாம் இராசராசன், தன் காசிலும் நிற்கும் உருவத்தையும் அமர்ந்த உருவத்தையுமே பொறித்தான். வென்றவன் தோற்ற நாட்டின் காசு வடிவைத் தனதாக்கிக் கொண்டான் என்பர் நாணயவியலார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு முதலானோர் அதே உருவங்களைச் செம்பிற் பொறித்தனர். உருவம் நிலைத்தது, பொன் மறைந்தது. போர்களாலும் கடல்கடந்த படையெடுப்புக்களாலும் ஒரு நாட்டின் கருவூலம் வறண்ட கதையை இதனினும் சுருக்கமாக எந்தப் புலவரும் பாடியதில்லை.

இனி, இத்தகைய காசுகள் ஏன் இத்துணை அரியனவாயின? மண்ணுக்குள் அழிந்தனவா? பொன்னை மண் அரிப்பதில்லை. பொற்காசின் பகை உலைக்களமேயாம். இது நமக்கு மாத்திரம் உரிய கதையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசு முதன்முதற் பொற்காசு அடித்தது 1795இல். ஐந்து டொலர்க் காசின் நிறை 8.75 கிராம். ஆனால், சட்டம் பொன்னுக்கு விதித்த மதிப்பு ஐரோப்பியச் சந்தை மதிப்பிலும் குறைவு. ஐந்து டொலர்க் காசுக்குள் ஐந்து டொலருக்கு மேற்பட்ட பொன் இருந்தது. எனவே வணிகர் அவற்றை மூட்டை மூட்டையாகக் கடல்கடத்தி உருக்கினர். 1834இல் சட்டத்தைத் திருத்தி நிறையை 8.36 கிராமாகக் குறைத்தனர். அதன்பின் பழைய காசைச் செலவிடுவார் எவருமிலர், எஞ்சியனவும் உருகின. 1822ஆம் ஆண்டுக் கணக்கில் அடிக்கப்பட்ட ஐந்து டொலர்க் காசுகள் 17,796. இன்று இருப்பதாக அறியப்படுவன மூன்றே மூன்று. அவற்றுள் இரண்டு வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளன. மூன்றாவது 2021ஆம் ஆண்டு ஏலத்தில் 84 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. உருக்கியவர் ஒவ்வொரு காசிலும் பெற்ற இலாபம் சில சதங்களே.

அவ்விலையைக் கேட்டு வியப்பதற்காக இதனை யான் எழுதவில்லை. அந்நாட்டார் 1933இல் இன்னுமொரு முறை அவ்வாறே செய்தனர். பொருளாதார நெருக்கடியில் உரூஸ்வெல்ட்டு அரசு மக்கள் கையிலிருந்த பொற்காசுகளை வங்கிகளில் ஒப்படைக்கச் சொல்லிற்று. அவ்வாண்டு அடித்த இருபது டொலர்க் காசுகள் 4,45,500ஐயும் வெளிவிடாது உருக்கத் தீர்மானித்தது. ஆயின், அதே ஆணையில் அரிய காசுகளைச் சேகரிப்போருக்கு விலக்களித்தது. நெருக்கடியின் உச்சியிலும் ஓர் அரசு, உலோகம் வேறு, வரலாற்றுச் சான்று வேறு என்று பிரித்தறிந்தது. இப்பகுத்தறிவையே யான் நம்மவரிடம் வேண்டுகின்றேன்.

நம் நிலையைப் பார்ப்போம். நாம் பொன்னை நிறுக்குஞ் சொல்லே ஒரு காசின் பெயர். 'பவுண்' என்பது 1817 முதல் இங்கிலாந்து அடித்த தங்கப் பவுணின் பெயரால் வந்தது. அதன் நிறை ஏறத்தாழ எட்டுக் கிராம்; நம் தட்டாரின் ஒரு பவுணும் அதுவே. யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடியில் அக்காசே தாலியின் இருமருங்கும் கோக்கப்பட்டது. காசுமாலையிலும் அதனைக் கோத்தனர். ஆனால், மாலையிலுள்ள காசுகள் எல்லாம் ஒருதன்மையன அல்ல. விக்டோரியா அரசியின் இளமை முகம் உள்ளவை உண்டு. 1887ஆம் ஆண்டு அவ்வரசியின் பொன்விழாவையொட்டிச் சிறு முடியணிந்த முகத்துடன் வந்தவை உண்டு. 1893 முதல் முக்காடிட்ட முதுமை முகத்துடன் வந்தவை உண்டு. சில சிட்னியிலும் மெல்பேணிலும் பேர்த்திலும் அடிக்கப்பட்டவை. 1918ஆம் ஆண்டு, அவ்வொரே ஆண்டில், பம்பாயில் அடிக்கப்பட்டவையும் உண்டு. அவற்றில் குதிரைவீரனின் கீழே ஆண்டெண்ணுக்கு மேலாக 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து நுண்ணிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நம் பாட்டிமாரின் மாலையொன்று அரை உலகின் படம். பேத்தியின் கலியாணத்துக்கு 'நியூ டிசைன்' வேண்டுமென்று அம்மாலையை அழிக்கும்போது, ஒரு முறையேனும் அதனைத் திருப்பிப் பார்த்தவர் எத்தனைபேர்?

வறுமையினால் விற்றவரை யான் குறை கூறேன். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியிற் கூரை இழந்தோர், 1990இலும் 2006–07இலும் ஊரைவிட்டு ஓடினோர், 2004 ஆழிப்பேரலையில் எஞ்சியோர், இவர்களிற் பலருக்கு மடியில் முடிந்துகொண்ட நகையே சோறாயிற்று, மருந்தாயிற்று. படுவான்கரை மக்களுக்கு இதனை ஒருவர் எடுத்துக்கூற வேண்டியதில்லை. 2022இற் பொன்விலை ஏறிய காலத்தில் அடைவு வைத்த நகையை மீட்கமுடியாது கைவிட்டோரும் நம்மிடையே உளர். பொன் ஆபத்துக்கு உதவவே சேர்க்கப்பட்டது. ஆபத்தில் அதனைச் செலவிடுதல் அறமே. காசை விற்காதீர் என்பது என் வாதமன்று. விற்கு முன்னும் உருக்கு முன்னும் அதன் எழுத்தைக் காப்பாற்றுங்கள் என்பதே என் வாதம். எழுத்தைக் காப்பாற்றப் பணம் வேண்டியதில்லை.

நாணயஞ் சேகரித்தல் செல்வர் விளையாட்டு என்பாரும் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இலங்கைக் காசுகளைப்பற்றி 1877இல் முதன்முதல் விரிவாக நூலெழுதிய ரைஸ் டேவிட்சும், 1924இல் அத்துறையின் பெருநூலை வெளியிட்ட கொட்றிங்டனும் இந்நாட்டு அரசாங்க சேவையில் இருந்தவர்கள். தமிழ்நாட்டில், சங்ககாலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பதை மெய்ப்பித்த 'பெருவழுதி' நாணயத்தை அறிஞருலகுக்கு அறிவித்தவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர், நாளிதழ் ஆசிரியர். பிறர் பழஞ்செம்பு என ஒதுக்கியதை அவர் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் படித்தார். சங்க நூல்களிற் கண்ட வழுதி என்னும் பெயர் ஒரு சிறு செப்புத் துண்டில் எழுந்து நின்றது. தமிழாசிரியராகிய நமக்கு இதனினும் இனிய செய்தி வேறு யாது?

இந்நாட்டிலும் அவ்வாறே. தென்னிலங்கையில் திசமகாராமைக்கு அருகே அக்குறுகொடையிற் கிடைத்த ஈயக் காசுகள் பல ஒரு தனியார் சேகரிப்பில் இருந்து, 1999இல் நூலாக வெளிவந்தன. அவற்றிற் சிலவற்றில் உதிரன், கபதி கடலன் முதலிய பெயர்கள் பிராமி எழுத்திலே தமிழ்ப் பெயர்களாக இருத்தலைக் கண்டு அறிஞர் வியந்தனர். தென்கோடியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் வணிகர் வாழ்ந்தமைக்கு அவை சான்றாயின. வடக்கே, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசில் நந்தியின் கீழே 'சேது' எனத் தமிழெழுத்துப் பொறித்திருத்தல் யாவரும் அறிந்தது. அச்செப்புக் காசுகள் இல்லையேல் அவ்வரசைப்பற்றி வாதிடுவார்க்குக் கையிற் காட்டச் சான்றுகள் மிகச் சிலவே எஞ்சியிருக்கும். பூநகரி முதலிய இடங்களிற் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் திரட்டிய காசுகளும் அவ்வரலாற்றுக்கு வலுவூட்டின.

மட்டக்களப்புக்கு என்ன இருக்கின்றது? எப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் உண்டு. வி. சீ. கந்தையா 1964இல் எழுதிய மட்டக்களப்புத் தமிழகம் உண்டு. இவை நம் கண்மணிகள். எனினும், மான்மியம் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதப்பட்டு வந்த நூல். அதிலுள்ள அரசரையும் ஆண்டுகளையும் ஐயுறுவார் ஐயுறலாம், நம்புவார் நம்பலாம். ஓர் எழுத்துப் பொறித்த காசு, இன்ன வயலில், இத்துணை ஆழத்தில், இன்ன பொருளோடு கிடைத்தது என்னும் குறிப்புடன் நம் கையில் இருக்குமானால், அது ஏட்டின் சொல்லுக்குச் சாட்சியாகவோ மறுப்பாகவோ நிற்கும். இரண்டும் நமக்கு இலாபமே. 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் வந்திறங்கிய கரை இது. 1628இற் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இன்றும் வாவிக்கரையில் நிற்கின்றது. இத்தனை வணிகமும் படையும் கடந்த நிலத்திற் காசு விழாதிருக்குமா? விழுந்தது. ஒல்லாந்தக் காசின் பெயர்தான் நம் நாவில் 'துட்டு' என நிலைத்தது. உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வட்டைகளில் வரம்பு கட்டும்போதும், வீட்டுக்குக் கிடங்கு வெட்டும்போதும் பழம்பொருள் வெளிப்படுகின்றது. வெளிப்பட்ட பின் அது எங்கே போகின்றது என்பதே வினா.

சட்டம் அறியாது நாம் பேசலாகாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தடியிற் கிடக்குந் தொல்பொருள் அரசுடைமையாகும். கண்டெடுத்தவர் அதனை அறிவித்தல் கடமை. அனுமதியின்றி அகழ்தலும் நாட்டுக்கு வெளியே அனுப்புதலும் குற்றம். நன்று. ஆனால், நம் உழவன் ஏன் அறிவிப்பதில்லை? அவனுக்கு ஆசையிலும் அச்சமே பெரிது. காசைக் கொண்டு போனால், 'மற்றவை எங்கே?' என்று கேட்பார்கள், வயலைத் தோண்டுவார்கள், வேளாண்மை கெடும், புதையற் கள்ளன் என்ற பெயர் வரும் என்று அஞ்சுகின்றான். அவன் அச்சத்தைப் போக்காது சட்டத்தை மாத்திரம் ஓதுதல் பயனற்றது. கண்டெடுத்து அறிவித்தவனுக்குப் பொன்னின் சந்தைவிலையேனும் காலந்தாழ்த்தாது கிடைக்க வேண்டும். ஊரறிய ஒரு நன்றிச் சொல்லும் கிடைக்க வேண்டும். இவ்விரண்டும் உறுதியானால் என் மாணவனின் தந்தை காசைத் தட்டாரிடம் கொண்டு போயிருக்கமாட்டார். விலையைப் பெற்று அதே தோட்டைச் செய்வித்திருப்பார். பெண்ணுக்குத் தோடும் நாட்டுக்குக் காசும் எஞ்சியிருக்கும்.

செல்வர் சேகரித்ததை நாட்டுக்கு ஆக்கிய முறைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் யோசையா லில்லி 1966இல் இறந்தபோது, அவரிடம் 6,000க்கு மேற்பட்ட பொற்காசுகள் இருந்தன. 1968இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அவருடைய மரணவரியில் 55 இலட்சம் டொலரைத் தள்ளிக் கொடுத்து, அச்சேகரிப்பு முழுவதையும் சிமித்சோனியனுக்குச் சேர்ப்பித்தது. அரசு அச்சுறுத்தவில்லை, வாரிசுகள் இழக்கவுமில்லை. காசுகள் ஏலத்திற் சிதறாமல் ஓரிடத்தில் நிலைத்தன.

நம் கல்லூரி லில்லியைப் பின்பற்ற வேண்டியதில்லை. பொன்னைச் சேர்க்கவும் வேண்டியதில்லை. பழைய மாணவர் சங்கத்தார்முன் யான் வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. கல்லூரியில் ஒரு நாணயப் பதிவேடு தொடங்குங்கள். காசு அவரவரிடமே இருக்கட்டும். ஏட்டில் அதன் இருபக்கப் படம், நிறை, குறுக்களவு, கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகிய ஐந்தும் எழுதப்படட்டும். வீட்டில் உள்ள முதுசொக் காசையும் இவ்வாறே பதியலாம். மண்ணிலிருந்து வந்ததாயின், பிரதேச செயலகத்துக்கும் தொல்பொருட் திணைக்களத்துக்கும் அறிவிக்க ஆசிரியர் துணைநிற்கட்டும். உழவனுடன் ஓர் ஆசிரியர் கூடச் செல்வாராயின் அவன் அச்சம் பாதி நீங்கும். எழுத்தைப் படித்தறியக் கிழக்குப் பல்கலைக்கழகத்தாரை நாடலாம்.

பதிவேட்டுக்கு அருகே ஒரு கண்ணாடி அலுமாரியும் வையுங்கள். ஒல்லாந்தத் துட்டு, விக்டோரியாச் சதம், நம்மில் மூத்தவர்கள் பாற்கஞ்சிக்கும் கடலைக்கும் கொடுத்த சதுரமான ஐந்து சதம், பூவிளிம்புள்ள பத்துச் சதம் ஆகியவை அதில் இருக்கட்டும். இவற்றிற்குப் பெருவிலை இல்லை. பூட்டும் காவலும் அதிகம் வேண்டா. இலண்டனிலும் தொரொன்றோவிலும் வாழும் பழைய மாணவர்கள் தத்தம் பெட்டியடியைத் தேடினால் ஒரு மாதத்தில் அலுமாரி நிறையும். இவற்றைக் கையாற் தொட்ட பிள்ளை, நாளை வயலில் அரியதொன்று கண்டால் அதனை அறிந்துகொள்வான். ஒன்று மாத்திரம் கற்பியுங்கள்: கண்டெடுத்த காசைப் புளியாலும் சாம்பலாலும் துலக்கலாகாது, துளையிடலாகாது. துலக்கினாற் பளபளப்பு வரும், எழுத்துப் போய்விடும்.

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழிற் காசு என்றும் நேர்மை என்றும் இருபொருள் உண்டு. மாணவர்க்கு இதனைப் பலமுறை கற்பித்திருக்கின்றேன். கொம்பாஸ் பெட்டியிலிருந்து ஒரு சிறுவன் நம்பிக்கையோடு எடுத்துவைத்த காசை யான் பாராது அனுப்பிய அன்று, அவ்விரு பொருளிலும் யானே குறைந்தேன். அம்மாணவன் இன்று வாலிபன். வலையிறவுப் பாலத்தில் என்னைக் கண்டால் மோட்டார்சைக்கிளை நிறுத்தி வணங்குகின்றான். அக்காசின் எழுத்து எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டேன். "ஞாபகமில்ல சேர்" என்றான். எனக்கும் நினைவில்லை. அடுத்த மாணவன் கொண்டுவரும் காசையேனும் நாம் தவறவிடாதிருக்க, இவ்விழா ஆண்டிலேயே பதிவேட்டின் முதற்பக்கம் எழுதப்படுமாக.